பச்சையில் இருந்தவள் தோற்றாள், சிவப்பில் இருந்தவள் தேறினாள்: ஒரு என்கிளெக்ஸ் கணிப்பின் நிகழ்வு ஆய்வு

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் நான் ஆசிரியை. அதற்கு முன் ஏழு வருடம் வார்டில் வேலை பார்த்தேன். எங்களிடம் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து அமெரிக்கா போக நினைத்த 9 பெண்கள், ஞாயிற்றுக்கிழமைதோறும் தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் கூடிப் படித்தார்கள். வழிகாட்டும் பொறுப்பு என்னுடையது. அமெரிக்காவில் நர்ஸாக உரிமம் பெற என்கிளெக்ஸ் என்ற தேர்வு எழுத வேண்டும். அவர்களில் யார் அந்தத் தேர்வில் தேறுவார், யார் தோற்பார் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு பட்டியல் போட்டேன். அந்தப் பட்டியல் என்ன செய்தது, எங்கே பிசகியது, பிசகிய இடத்தில் தோண்டியபோது எங்களுக்கு என்ன கிடைத்தது என்பதை எழுதுகிறேன். பெண்களின் பெயரைச் சொல்லவில்லை. ஊரைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறேன்.

தமிழ்நாட்டில் நர்சிங் படித்து முடிக்கிற பெண்ணுக்கு உரிமத் தேர்வு என்ற அனுபவமே கிடையாது. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத் தேர்வில் தேறினால், சென்னையில் உள்ள நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு வேலைக்குப் போய்விடலாம். அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. தேர்வு, எய்ம்ஸுக்கு நார்செட் எல்லாம் உண்டுதான். அவை ஆள் எடுக்கும் தேர்வுகள். 'நீ ஒரு நோயாளியின் பக்கத்தில் நிற்கத் தகுதியானவளா' என்று ஒருவர் கேட்கிற முதல் தேர்வு, எங்கள் பெண்களுக்கு வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. வளைகுடாவுக்குப் ப்ரோமெட்ரிக், இங்கிலாந்துக்கு சி.பி.டி.யும் ஆஸ்கியும், அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ்.

என்கிளெக்ஸ் 1994 முதல் கணினியில் நடக்கிறது. எல்லாருக்கும் ஒரே வினாத்தாள் கிடையாது. சரியாக எழுதினால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் கொஞ்சம் எளிதாகும். இப்படி உங்கள் திறமை எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கணினி தேடிக்கொண்டே போகும். குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறீர்கள் அல்லது கீழே இருக்கிறீர்கள் என்று கணினிக்கு 95 சதவீத உறுதி வந்துவிட்டால் அங்கேயே திரை அணைந்துவிடும். 150 வரை போயும் உறுதி வரவில்லை என்றால், கடைசியாக எந்தப் பக்கம் நிற்கிறீர்களோ அதுதான் முடிவு. 2023 ஏப்ரல் முதல் புது வடிவம் வந்திருக்கிறது. ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, அவருடைய குறிப்புகளிலிருந்து எதைக் கவனித்தாய், எதை முக்கியம் என்று எடுத்தாய், என்ன செய்தாய், பலன் கிடைத்ததா என்று ஒரே கதையில் ஆறு கேள்விகள் கேட்பார்கள்.

இந்த அமைப்பில் நன்றாகப் படித்தவருக்கும் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் தவறும். பள்ளியிலிருந்து 80, 90 என்று வாங்கிப் பழகிய பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கேட்பதில் பாதி தனக்குத் தெரியவில்லை என்று உணரும்போது உடைந்துபோகிறாள். இதை முன்பே சொல்லி அனுப்ப வேண்டும். முதல் வருடம் நான் சொல்லவில்லை.

சரி, பட்டியலுக்கு வருகிறேன்.

எக்செல்லில் நான்கு பத்திகள் போட்டேன். பல்கலைக்கழகத் தேர்வுகளின் மொத்த சதவீதம், பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண், நாங்கள் வைத்த முதல் மாதிரித் தேர்வின் மதிப்பெண், படிப்பு முடித்து எத்தனை வருடம் ஆனது. இது நானாக யோசித்த கணக்கு இல்லை. அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் பல ஆண்டுகளாக இதையேதான் செய்கின்றன. பாட மதிப்பெண்களும், படிப்பின் முடிவில் வைக்கிற ஹெசி, ஏ.டி.ஐ. போன்ற பொதுத் தேர்வுகளும் என்கிளெக்ஸ் முடிவோடு ஒட்டிப் போகின்றன என்று பலர் எழுதியிருக்கிறார்கள். படித்து முடித்த பின் நாள் கடந்து எழுதுகிறவர்களின் தேர்ச்சி குறைகிறது என்பதும் தெரிந்த விஷயம். அங்கே இதற்கு ஒரு நெருக்கடியும் இருக்கிறது. கல்லூரியின் முதல்முறைத் தேர்ச்சி விகிதம் ஓர் அளவுக்குக் கீழே போனால் மாநில நர்சிங் வாரியம் கேள்வி கேட்கும். பல மாநிலங்களில் அந்த அளவு 80 சதவீதம், கலிபோர்னியாவில் 75. அதனால் தோற்கக்கூடியவரை முன்பே கண்டுபிடிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு.

நான்கு பத்தியையும் கூட்டி, 5 பேருக்குப் பச்சை, 4 பேருக்குச் சிவப்பு அடித்தேன். சிவப்பில் இருப்பவர்களுக்குக் கூடுதல் வகுப்பு எடுக்கலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் அந்தத் தாள் மேலே போனது. அப்போதிருந்த பொறுப்பாளர், "சிவப்புல இருக்கிறவங்க ஒரு வருஷம் பொறுத்து விண்ணப்பிக்கட்டும், வீணாப் பணத்தைக் கட்ட வேண்டாம்" என்று முடிவெடுத்து, சான்றிதழ் நகல்களை அனுப்பும் வேலையையும் அவர்களுக்கு மட்டும் தள்ளிவைத்தார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். தேர்வுக் கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் இன்னும் 150 டாலர், அதற்கு முன் சான்றிதழ் மதிப்பீட்டுக்குத் தனியாகப் பணம். தோட்டை அடகு வைத்துக் கட்டுகிற குடும்பங்கள் இவை.

உசிலம்பட்டிப் பெண்ணின் அம்மா என்னைத் தேடி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "எம்மக தேற மாட்டான்னு எழுதிட்டீகளாம்ல டீச்சர்?" என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதில் எதுவும் பதிலே இல்லை. இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு மனது கனக்கிறது.

அந்தப் பெண் பொறுக்கவில்லை. கல்லூரிக்கும் கவுன்சிலுக்கும் தானே அலைந்து தாள்களை அனுப்பினாள். எட்டு மாதம் கழித்து தேர்வு எழுத அனுமதிக் கடிதம் வந்தது. இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் மறுநாள் பியர்சன் வியூ மையத்தில் எழுதினாள். 85-ஆவது கேள்வியில் திரை அணைந்தது. தேறிவிட்டாள்.

பச்சையில் இருந்த 5 பேரில் 4 பேர் எழுதி 3 பேர் தேறினார்கள். தோற்ற ஒருத்திதான் பட்டியலில் முதல் இடத்தில் இருந்தவள், திருமங்கலத்துப் பெண். கல்லூரியிலும் அவள்தான் முதல். 150 கேள்வியும் ஓடித் தோற்றாள். சிவப்பில் மீதி 3 பேர் அப்போது எழுதவே இல்லை.

இரண்டு பேரை வைத்து ஒரு முறையை நல்லது, கெட்டது என்று தீர்மானிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு முனையிலும் கவிழ்ந்த பட்டியலை அப்படியே மடித்து வைக்க மனம் வரவில்லை. முதலில் கணக்கைப் பார்த்தேன்.

ஒரு கல்லூரியில் 100 பேர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 80 பேர் தேறப் போகிறவர்கள், 20 பேர் தோற்கப் போகிறவர்கள். நம் கையில் ஓரளவு நல்ல கருவி இருக்கிறது. தோற்கப் போகிற 20 பேரில் 14 பேரைச் சரியாகப் பிடித்துவிடும். தேறப் போகிற 80 பேரில் 64 பேரைச் சரியாகப் பச்சை என்று சொல்லிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது சிவப்புப் பட்டியலைப் பாருங்கள். பிடிபட்ட 14 பேரும், தவறாகச் சேர்ந்த 16 பேரும் ஆக 30 பேர். அதாவது சிவப்பில் நிற்கிறவர்களில் பாதிக்கு மேல் தேறக்கூடியவர்கள். இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கருவி மொத்தத்தில் 78 பேரைச் சரியாகச் சொல்கிறது. எதையும் பார்க்காமல் "எல்லாரும் தேறுவார்கள்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் 80 பேர் விஷயத்தில் அவர் சொன்னது சரியாக இருந்திருக்கும்.

இது கருவியின் குற்றம் இல்லை. பெரும்பாலோர் தேறுகிற இடத்தில், தோற்கிற சிலரை முன்கூட்டியே பிடிப்பது இயல்பிலேயே கடினம். 2008-இல் டாரல் ஸ்பர்லாக், லிண்டா ஹன்ட் இருவரும் ஹெசி தேர்வை வைத்துச் செய்த ஆய்விலும் இதே சிக்கல்தான் வெளிப்பட்டது. அந்த மதிப்பெண் தேறுகிறவரைச் சொல்கிற அளவுக்குத் தோற்கிறவரைச் சொல்லவில்லை. எங்கள் நிலை அதிலும் வேறு. வெளிநாட்டில் படித்துவிட்டு முதல் முறை எழுதுகிறவர்களில் தேறுகிறவர்கள் பாதியை ஒட்டித்தான் இருக்கிறார்கள், அமெரிக்காவில் படித்தவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் தேறும்போது. அங்கே வகுத்த கோட்டைத் தூக்கி இங்கே வைத்தால் அது பொருந்தாது.

கணக்கைவிட என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. சிவப்பில் இருந்த பெண் எங்கள் பேச்சைக் கேட்டு எழுதாமல் இருந்திருந்தால், பட்டியல் தவறு என்று யாருக்கும் தெரிந்திருக்காது. தேர்வு எழுதாதவர் விஷயத்தில் கணிப்பு ஒருநாளும் பொய்யாவதில்லை. பலவீனமானவர் என்று நினைப்பவரை நிறுத்திவைத்துவிட்டு, எழுதியவர்களின் தேர்ச்சி விகிதத்தைக் காட்டி "நம் கணிப்பு சரி" என்று எந்தக் கல்லூரியும் சொல்லிக்கொள்ளலாம்.

திருமங்கலத்துப் பெண்ணின் தோல்வியையும் நான் முதலில் தவறாகத்தான் படித்தேன். 150 கேள்வி ஓடியது என்றால், கடைசி வரை அவள் கோட்டை ஒட்டியே நின்றிருக்கிறாள் என்று அர்த்தம். கணினியால்கூட முடிவு சொல்ல முடியாத இடத்தில் நின்றவள் அவள். இன்னொரு நாள் எழுதியிருந்தால் தேறியிருக்கலாம். தேறுவார், தேற மாட்டார் என்று இரண்டே கட்டங்கள் வைத்தால், கோட்டிலிருந்து ஒரு சாண் கீழே நிற்பவரும் ஒரு மைல் கீழே நிற்பவரும் ஒரே கட்டத்தில் விழுகிறார்கள்.

தோற்றவர்களுக்கு ஒரு செயல்திறன் அறிக்கை வரும். தேர்வின் ஒவ்வொரு பகுதியிலும் தேர்ச்சி அளவுக்கு மேலே, ஒட்டி, கீழே என்று மூன்றில் ஒன்றைக் குறித்திருப்பார்கள். அவளுடைய அறிக்கையைக் கையில் வாங்கினேன். மருந்தியல் மேலே. உடலியல் மாற்றங்கள் மேலே. நோயாளிப் பராமரிப்பை நிர்வகிப்பது என்ற பகுதி கீழே. மனநலம் சார்ந்த பகுதி கீழே. பராமரிப்பை நிர்வகிக்கும் பகுதியில்தான் யாரை முதலில் பார்ப்பது, எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்விகள் வரும். தேர்வில் அதிக இடம் பிடிக்கிற பகுதியும் அதுதான்.

அவள் பாடத்தில் முதல் மாணவி. அந்தப் பகுதி எந்தப் பாடப்புத்தகத்திலும் இப்படி இல்லை. அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. மாதிரித் தேர்வின் விடைகளை அவளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ஏன் அந்த விடையைத் தேர்ந்தெடுத்தாள் என்று வாய்விட்டுத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஆங்கிலத்தில் கேட்டால் புத்தக வரி வரும். தமிழில் கேட்டால் மனதில் ஓடியது வரும்.

ஒரு கேள்வி இப்படி. இதயச் செயலிழப்புக்காக டிகாக்ஸினும் ஃப்யூரோசமைடும் எடுக்கும் முதியவர். குமட்டுகிறது என்கிறார், விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறது என்கிறார். ரத்தத்தில் பொட்டாசியம் 2.9. டிகாக்ஸின் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? இது டிகாக்ஸின் நஞ்சாகிறது என்பதற்கான அடையாளம், பொட்டாசியம் குறைந்தால் அது இன்னும் மோசமாகும் என்பதையெல்லாம் அவள் மளமளவென்று சொன்னாள். பொட்டாசியம் 3.5-க்குக் கீழே போகக் கூடாது என்பதும் தெரியும். ஆனால் அவள் தேர்ந்தெடுத்த விடை, 'மருத்துவருக்குத் தகவல் சொல்வது'. சரியான விடை, 'இந்த வேளை மருந்தைக் கொடுக்காமல் நிறுத்துவது'. தகவல் சொல்வது அதற்கு அடுத்த வேலை.

"ஏம்மா, மருந்துனாலதான் இந்தத் தொல்லைன்னு உனக்குத் தெரியுதே, அப்புறம் ஏன் நிறுத்தலை?"

"மேடம், டாக்டரைக் கேக்காம நாம எப்படி நிறுத்துறது?"

அந்த ஒரு வரியில்தான் என் பட்டியல் தவறவிட்டது முழுக்க இருந்தது. அவள் சொன்னது அறியாமை இல்லை. பயிற்சிக் காலம் நான்கு வருடமும் வார்டில் அவள் பார்த்ததைத்தான் சொன்னாள். எங்கள் வார்டுகளில் ஒரு மாணவி தானாக மருந்தை நிறுத்தினால் என்ன பேச்சு வாங்குவாள் என்று எனக்கும் தெரியும். நானே அப்படிப் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தவறான விடைக்குப் பக்கத்திலும் காரணத்தை ஒரு வார்த்தையில் எழுதினோம். விஷயமே தெரியாவிட்டால் 'தெரியாது'. கேள்வியைப் பிசகாகப் படித்திருந்தால் 'படிப்பு'. விஷயம் தெரிந்தும், இங்கே நடக்கிற வழக்கத்தை வைத்து விடை சொல்லியிருந்தால் 'நம்ம வார்டு'. இந்த மூன்றாவது பெயரை வைத்தது மேலூர்ப் பெண். அது நிலைத்துவிட்டது.

'நம்ம வார்டு' எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பார்க்கப் பார்க்க எனக்கு வியப்பாக இருந்தது. வேலையை ஒப்படைக்கும் கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வார்டில் பதிவு பெற்ற நர்ஸுக்குக் கீழே எல்.பி.என். என்ற நர்ஸ் உண்டு, அவருக்கும் கீழே உதவியாளர் உண்டு. நிலையாக இருக்கும் நோயாளிக்கு வழக்கமாகச் செய்யும் வேலையைக் கீழே கொடுக்கலாம். முதல் பரிசோதனை, நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பது, பலனை மதிப்பிடுவது மூன்றையும் பதிவு பெற்ற நர்ஸ்தான் செய்ய வேண்டும். இங்கே நிலைமை என்ன? நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கையில் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் கூட இருக்கிற சொந்தக்காரர்கள். ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுகூடப் பல இடங்களில் அவர்கள்தான். கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரி வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், தூக்குச் சட்டியும் பாயுமாக ஒரு ஊரே உள்ளே போவதைப் பார்க்கலாம். வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மூன்று அடுக்கு எங்கள் பெண்களின் கண்ணிலேயே பட்டதில்லை. படாத ஒன்றை மனப்பாடம் செய்தால், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்கும்போது நழுவிவிடுகிறது.

யாரை முதலில் பார்ப்பது என்பதும் இப்படித்தான். நாங்களே எழுதிய ஒரு கேள்வி: நாள்பட்ட நுரையீரல் நோயாளி, ஆக்சிஜன் அளவு 90. அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், வலி 7 என்கிற பெண். சர்க்கரை 210 உள்ள முதியவர். காலில் மாவுக்கட்டுப் போட்டு, வலி மாத்திரைக்கும் அடங்காமல் விரல் மரத்துப்போகிறது என்கிற இளைஞன். 9 பேரில் பலர் ஆக்சிஜன் 90 என்பவரிடம் ஓடினார்கள். நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு 88-இலிருந்து 92 வரை எதிர்பார்க்கிற அளவுதான். மாவுக்கட்டுக்காரனுக்குத்தான் உள்ளே அழுத்தம் ஏறிக் கால் போகும் ஆபத்து. எங்கள் வார்டில் யார் சத்தமாகக் கூப்பிடுகிறார்களோ, யாருடைய சொந்தக்காரர் டேபிளுக்கு வந்து நிற்கிறாரோ அங்கேதான் முதலில் போகிறோம். 50 நோயாளிக்கு இரண்டு நர்ஸ் இருக்கிற இடத்தில் வேறு எப்படி நடக்கும்?

மனநலப் பகுதிதான் எனக்கு மிகவும் வலித்தது. மறுநாள் அறுவை சிகிச்சை, அந்த அம்மாவுக்குப் பயம், அழுகிறார். நர்ஸ் என்ன சொல்ல வேண்டும்? எங்கள் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் தேர்ந்தெடுத்தது, 'கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக முடியும்' என்ற விடையை. என்கிளெக்ஸில் அது தவறு. உறுதி தர முடியாததற்கு உறுதி தருவதும், நோயாளி மேற்கொண்டு பேசாமல் வாயை அடைப்பதும் என்று அதைக் கணக்கிடுகிறார்கள். 'எதை நினைத்துப் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள்' என்பதுதான் விடை. "ஒண்ணும் ஆகாதும்மா, மீனாட்சி பாத்துக்குவா" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதை நான் ஒருநாளும் தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையில் தைரியமாகித் தியேட்டருக்குள் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் அதைச் சொல்லியிருக்கிறேன் என்பதும் உண்மை. இந்தக் கேள்வியைப் பற்றி அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினோம். வகுப்பில் அதைவிட நல்ல இரண்டு மணி நேரம் எனக்கு நினைவில்லை.

'படிப்பு' என்ற வகையில் பெரும்பாலும் ஒரே மாதிரித் தவறுகள். 'மேலும் விளக்கம் தேவை என்று காட்டும் கூற்று எது' என்று கேட்டால் தவறான கூற்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் சரியான கூற்றைக் குறித்துவிடுகிறார்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குத்தான் இது அதிகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படி இருக்கவில்லை. மருந்துப் பெயரும் காலை வாருகிறது. நமக்குப் பாராசிட்டமால், அங்கே அசிட்டமினோஃபென். நமக்கு அட்ரினலின், அங்கே எபிநெஃப்ரின். சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால். எடை பவுண்டிலும் வரும். ஒரு வாரத்தில் சரிசெய்துவிடக்கூடியவை இவை. இதற்காக யாருக்கும் சிவப்பு அடிக்க வேண்டியதில்லை.

அப்புறம் உசிலம்பட்டிப் பெண்ணின் பழைய விடைத்தாளை எடுத்தேன். முதல் மாதிரித் தேர்வில் அவள் வாங்கியது திருமங்கலத்துப் பெண்ணைவிட மிகவும் குறைவு. ஆனால் தவறுகள் கிட்டத்தட்ட எல்லாமே 'தெரியாது'. இயல்பான ரத்த அளவுகள் தெரியாது, மருந்தின் பக்கவிளைவு தெரியாது, குழந்தை வளர்ச்சிப் படிகள் மறந்துபோயின. 'நம்ம வார்டு' விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஏன் என்று அவளையே கேட்டேன்.

படிப்பு முடித்ததும் அவள் ஊர்ப்பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் சேர்ந்தாள். இரவு டூட்டியில் தனி ஆள். டாக்டர் வீட்டுக்குப் போய்விடுவார், கூப்பிட்டால் வர அரைமணி நேரம் ஆகும். "மூச்சுத் திணறுனா நிமித்தி உக்கார வச்சு ஆக்சிஜன் வச்சுட்டுத்தான் மேடம் போனையே எடுப்பேன். டிரிப் ஏத்தி உடம்பு தடிச்சா முதல்ல டிரிப்பை மூடிருவேன். அதுக்கும் அவரைக் கேட்டுட்டு இருந்தா ஆள் என்ன ஆகுறது?" என்றாள். என்கிளெக்ஸ் கேட்கிற வரிசையை அவள் இரண்டு வருடமாக ராத்திரிகளில் செய்துகொண்டிருந்தாள். என் பட்டியலில் அந்த இரண்டு வருடம் 'படிப்பு முடித்து எத்தனை வருடம் ஆனது' என்ற பத்தியில் விழுந்து, அவளுக்கு எதிராகக் கணக்காகியிருந்தது.

ஆளில்லாத மருத்துவமனையில் ஒற்றை நர்ஸை ராத்திரி முழுக்க விடுவது நல்ல பயிற்சி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஆபத்து. அவளுக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து. அவளிடம் இருந்த பலம் எங்கிருந்து வந்தது என்று விளக்கத்தான் இதைச் சொல்கிறேன். இது ஒரே ஒருத்தியின் கதை என்பதும் எனக்கு மறக்கவில்லை. சின்ன மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் தேறுவார்கள் என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்தால், பழைய தவறையே வேறு நிறத்தில் செய்தவளாவேன்.

'தெரியாது' என்பது படிக்கப் படிக்கக் குறைகிறது. புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-இல் திறந்ததிலிருந்து எங்கள் பெண்கள் டூட்டி இல்லாத நாளில் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் அந்த வகைத் தவறுகள் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். 'நம்ம வார்டு' மட்டும் படிப்பால் அசையவில்லை. முதல் மாணவிக்கு அது அதிகமாகவே இருந்தது. வார்டில் சொன்னபடி நடந்து நல்ல பெயர் வாங்கியவள் அவள். பல்கலைக்கழகத் தேர்வில் தெரிந்ததையெல்லாம் எழுதினால் மதிப்பெண். எதை முதலில் செய்வாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அதை மாற்ற நாங்கள் செய்தது எளிய காரியம்தான். ஞாயிறு வகுப்பில் கேள்வித்தாளை மூடிவைத்துவிட்டு ஒருத்தி நோயாளி, ஒருத்தி நர்ஸ், ஒருத்தி டாக்டர் என்று நடித்துப் பார்த்தார்கள். டாக்டர் வேடம் போட்டவள் போனை எடுக்கவே கூடாது, ஐந்து நிமிடம் கழித்துத்தான் எடுப்பாள். அந்த ஐந்து நிமிடத்தில் நர்ஸ் என்ன செய்கிறாள் என்று மற்றவர்கள் எழுதிவைப்பார்கள். போனை எடுத்ததும், "ஏன் இன்னும் இதைச் செய்யலை?" என்று டாக்டர் கேட்பாள். முதல் வாரம் திருமங்கலத்துப் பெண் ஐந்து நிமிடமும் போனைக் காதில் வைத்தபடி நின்றாள். நான்காவது வாரம் போனைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள்.

இதில் ஒரு பள்ளமும் இருக்கிறது, அதில் நாங்கள் விழுந்தோம். 'டாக்டரைக் கூப்பிடு என்ற விடை எப்போதும் தவறு' என்று சிலர் விதியாகவே பிடித்துக்கொண்டார்கள். இந்தக் குறுக்குவழியை இணையத்திலும் பலர் சொல்லித்தருகிறார்கள். அந்த மாவுக்கட்டு இளைஞனின் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். கால் வீங்கி, மரத்து, வலி அடங்கவில்லை, முதலில் என்ன? மூன்று பேர் காலைத் தலையணையில் உயர்த்திவைப்போம் என்றார்கள். உள்ளே அழுத்தம் ஏறிய காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தினால் ரத்த ஓட்டம் இன்னும் குறையும். அங்கே உடனே டாக்டரைக் கூப்பிடுவதுதான் நர்ஸின் முதல் வேலை. என் கையால் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா, இருந்தால் அது ஆளைக் காக்குமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

தோற்றவர் மறுபடி எழுத 45 நாள் பொறுக்க வேண்டும். திருமங்கலத்துப் பெண் அந்த இடைவெளி முடிந்தும் உடனே எழுதவில்லை. நான்கு மாதம் எடுத்துக்கொண்டாள். பாடம் எதையும் திரும்பப் படிக்கவில்லை, தன் தவறுகளை மட்டும் படித்தாள். இரண்டாம் முறை தேறினாள். நடிப்பு வகுப்பால்தான் தேறினாள் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் முறையே கோட்டை ஒட்டி நின்றவள் அவள். பயம் தெளிந்ததும் காரணமாக இருக்கலாம், நாற்காலி பழகியதும் காரணமாக இருக்கலாம்.

பழைய பட்டியலை அழித்துவிட்டேன். இப்போது ஒவ்வொருத்திக்கும் ஒரு தாள். அதில் நிறம் கிடையாது. மூன்று வகைத் தவறும் மாதம்தோறும் எத்தனை என்று அவளே எழுதுவாள், எந்தக் கேள்வி எண்ணுக்குப் பிறகு தவறு கூடுகிறது என்பதையும் எழுதுவாள். தாள் அவளிடமே இருக்கும். நான் கேட்டால் காட்டுவாள். வேறு யாருக்கும் போகாது. விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்பதை அவளும் அவள் வீட்டாரும் முடிவுசெய்கிறார்கள். சிவப்பில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த மற்ற 3 பேரும் சான்றிதழ் நகல்களை அனுப்பிவிட்டார்கள். உசிலம்பட்டி அம்மாவின் வீட்டுக்குப் போய், நான் செய்தது தவறு என்று சொல்லிவிட்டு வந்தேன். காபி கொடுத்தார். மகள் வாங்கிக் கொடுத்த செல்போனை எடுத்துக் காட்டினார்.

மேலூர்ப் பெண்ணின் தாள்தான் இப்போது எனக்குப் புரியவில்லை. மூன்று வகைத் தவறும் நன்றாகக் குறைந்துவிட்டன. ஆனால் ஒவ்வொரு முழுநீள மாதிரித் தேர்விலும் 90-ஆவது கேள்விக்குப் பிறகு சரிகிறாள். தெரிந்த கேள்விகளே தவறுகின்றன. அவள் இரவு டூட்டி முடித்துக் காலையில் நேராக வந்து எழுதுகிறவள். களைப்புதான் காரணமா, அல்லது நீளமான நோயாளிக் கதைகளில் வேறேதாவது சிக்குகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் பகல் டூட்டி கேட்டு வாங்கியிருக்கிறாள். சனிக்கிழமை இரவு நன்றாகத் தூங்கிவிட்டு, ஞாயிறு காலை 9 மணிக்கு 150 கேள்வியும் எழுதப் போகிறாள். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மற்ற பெண்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.